அரைப் பேர்

பதினொரு நாளாய்ப் புஸ்பகாந்திக்கு அரைப் பேர்.
கணக்குப்பிள்ளை துஷ்யந்தன் போனில் சொன்னார்:
"மிஸ், ஒங்க மெசின் பொய் சொல்லுது.
அந்தப் பொம்பள கை
என்னிக்கும் பதினெட்டுக்குக் கொறஞ்சதில்ல."

ஹட்டனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேலே என் அறை.
கீழே சீமெந்து மூட்டை இறங்கும் சத்தம்.
ஜன்னலில் மலை இல்லை; பனி எடுத்துப் போயிருந்தது.
தராசுகளுக்கு டிரைவர் எழுதியவள் நான்.
(லொறி டிரைவர் என்று அம்மா சந்தையில் சொல்லி வைத்திருக்கிறாள்.
நான் திருத்துவதில்லை. கிட்டத்தட்ட அதே வேலைதான்:
மடுவத்தில் நிறுத்த கொழுந்தை
ஸ்டோருக்குக் கொண்டு சேர்ப்பது,
எடையை மட்டும்.)

கர்னல் எதையும் ஒளிக்காது.
பதினொரு நாளுக்கு முன், காலை ஆறு பத்துக்கு,
மேல்மலை மடுவத்துப் புதுத் தராசு விழித்தபோதே
எழுதி வைத்திருந்தது:
இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.

யார்?

ஸ்கேல் என்று எழுத இங்கிலீசில் ஐந்து எழுத்து.
எண்ணுக்கு ஓர் இடம்.
பெயர் இத்தோடு முடிந்தது என்று சொல்லும்
வெற்று பைட்டுக்கு ஓர் இடம்.
ஏழு. நான் ஏழுதான் ஒதுக்கியிருந்தேன்.
ஒற்றைக் காம்பிராவில் எட்டுப் பேர் படுத்து வளர்ந்தவள்
இடம் ஒதுக்கச் சொன்னால் இப்படித்தான் ஒதுக்குவாள்.

எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும்.
பத்துத் தராசு வரை யாருக்கும் மூச்சு முட்டவில்லை.
பதினோராவதுக்கு எண் பத்து.
ஒன்று உள்ளே வந்தது, சுழியம் வாசலில் நின்றுவிட்டது.
வெட்டுப்பட்டு, அதுவும் தன்னை ஒன்று என்றே சொல்லிப்
பதிவு கேட்டது.
ஒன்று ஆற்றோரத்து மடுவத்தில் எப்போதோ வேலையில் இருந்தது.
கர்னல் மறுத்தது.
மறுத்ததை என் டிரைவர் காதில் வாங்கவில்லை.
தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனது.
அந்த வரியையும் எழுதியது நான்தான்.

அதன்பின் மேல்மலையில் சாக்கு தொங்கியது,
சிவப்பு எண் எரிந்தது, பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.
அலை பள்ளத்தைத் தாண்டி வந்து
கதவு வைக்காத வீட்டைச் சுற்றிவிட்டுக் கலைந்தது.
காலை நிறுவை கீழ் மடுவத்தில்; அது சேர்ந்தது.
மத்தியானத்துக்குப் பின் நிறுத்ததெல்லாம் காற்றில்.
அரை நாள்.
பெயரைப் பாதியில் வெட்டியது நான்.
அதற்கான சொல்லைத் தோட்டம் எனக்கு முன்னமே வைத்திருந்தது.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
பேட்டரியில் நாற்பது நிமிடம்.
ஏழை அழித்துப் பதினாறு போட்டேன்
(எண்ணைச் சொல்கிறேன்).
மறுப்பு வந்தால் நிற்க, கத்த, மூன்று வரி.
பிறகு எண்ணையே விட்டேன்:
முதலில் விழித்தது யார் என்று பார்த்து வைப்பதா பெயர்?
நிற்கிற இடத்தால் கூப்பிட்டேன். ஸ்கேல், ஒரு கோடு, மேல்மலை.
இங்கிலீசில் பதினான்கு. வெற்று பைட்டோடு பதினைந்து.
ஓர் இடம் மிச்சம். அது அப்படியே கிடக்கட்டும்.

"நாளையிலருந்து சரி," என்றேன்.
"நாளையிலருந்து," என்றார் துஷ்யந்தன்.
அப்புறம் கொஞ்ச நேரம் மழைதான் பேசியது.

அந்தக் கொழுந்து வாடி, அரைபட்டு,
தூளாகிக் கொழும்புக்குப் போயாயிற்று.
ஆனால் ஸ்டோர் வாசலில் லொறியை மொத்தமாய் நிறுக்கும் ஏடு உண்டு.
வாசிக்கச் சொன்னேன்.
மொத்தத்தில் பதிந்ததைக் கழித்தால்
இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ,
யார் பேரிலும் இல்லாமல்.

சீமெந்து பில்லின் பின்பக்கம், மெழுகுதிரியில்,
இருபத்தாறு பேரின் பழைய நாள்களைப் பார்த்துப்
பங்கு பிரிக்கத் தொடங்கினேன்.
புஸ்பகாந்திக்கு நாளுக்குப் பத்து புள்ளி ஒன்று.
அடுத்தவளுக்கு என் பட்டியலில் இலக்கம் மட்டும்தான்.
பேர் என்ன என்று கேட்டேன்.
"இருங்க மிஸ், கேட்டுட்டே வந்துர்றேன்," என்று
போனை அணைக்காமல் மேல்மலைப் படியில் ஏறினார்.
மூச்சு வாங்குவது கேட்டது.